ரேடியேட்டரில் யாரோ ஊற்றிய மருந்து

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்த பெண்களில் பாதிப் பேருக்கு இடது கால் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். கியர் மாற்றுவதற்கு முன்னால் கிளட்சை முழுசாக அமுக்கி, மனசுக்குள் ஒன்று என்று எண்ணி, பிறகுதான் கையை நகர்த்துவார்கள். எல்லாரும் ஒரே ஆளிடம் கற்றவர்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "கிளட்ச்... கிளட்ச்... காலை எதுக்கு அவசரப்படுத்தற, அது எங்க ஓடிடப்போகுது" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குக் கிளட்ச் டீச்சர் என்று பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேரே டீச்சர் என்பார்கள். அந்தப் பக்கம் திரும்பினால் கிளட்ச்.

ஐம்பத்தோரு வயது. சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல். ஸ்கூல் என்றால் வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் சாலைக் குறிகள் அச்சிட்ட ஒரு தாள். வாசலில் ஒரே ஒரு கார். வெள்ளை, சின்னது, பன்னிரண்டு வயதானது. பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் பொருத்தியிருந்தார்கள். எதிர்ச் சாரியில் இன்னொரு ஸ்கூல் இருந்தது. அதற்கு ஐந்து கார், கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம். அதன் முதலாளியை டீச்சர் பேர் சொல்லிக் குறிப்பிட்டதே கிடையாது. "அஞ்சு கார்க்காரர்" என்பாள், அது ஏதோ வியாதியின் பெயர் மாதிரி.

தன் ஒரு காரை அவள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். தினமும் காலை ஆறு மணிக்கு போனட்டைத் தூக்குவாள். ஆயில், தண்ணீர், பெல்ட். மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் முதல் மாணவியை உட்கார வைப்பாள். முதல் வகுப்பில் ஸ்டியரிங்கைத் தொடவிட மாட்டாள். வெப்பத்தைக் காட்டும் முள்ளைக் காட்டி ஒரு பிரசங்கம் நடக்கும். "இது நடுவைத் தாண்டிச்சுன்னா வண்டி ஓரமா நிக்கணும். கல்யாணத்துக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி. நிக்கணும்."

அப்படிப்பட்டவளின் வண்டிதான் ஒரு புதன்கிழமை காலை மேம்பாலத்தின் ஏற்றத்தில் கொதித்தது.

ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு நர்ஸ். எட்டாவது வகுப்பு. பயந்த சுபாவம் இல்லை, ஆனால் ஸ்டியரிங்கை ஊசி மாதிரி விரல் நுனியில் பிடிப்பவள். பாலத்தின் பாதி ஏற்றத்தில் அவள் சொன்னாள். "டீச்சர், முள்ளு மேல போகுது."

டீச்சர் எட்டிப் பார்த்தாள். ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் பார்த்திருந்தாள். அப்போது நடுவில் இருந்தது. இப்போது சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. என்ன இது என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் போனட்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் வெள்ளையாகப் புகை சீறி, முன் கண்ணாடியை மூடிவிட்டது. இன்ஜின் இரண்டு முறை குலுங்கி அணைந்தது. ஏற்றத்தில் கார் பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் ஒரு மணல் லாரி.

டீச்சரின் கால் தன் பக்கத்து பிரேக்கை எப்போது மிதித்தது என்று அவளுக்கே தெரியாது. கை கைபிரேக்கை இழுத்திருந்தது. லாரிக்காரர் ஹாரனை அழுத்தியபடியே நிறுத்தினார். லாரியின் மூக்குக்கும் காரின் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பி நுழையலாம், அவ்வளவுதான் இடம்.

நர்ஸ் இறங்கியதும் நேரே போனட்டை நோக்கிப் போனாள். டீச்சர் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "தொடாத. மூஞ்சி வெந்துடும்." சொல்லிவிட்டு அந்தத் தோளை விடாமல் அப்படியே நின்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் வண்டி நடுரோட்டில் நின்றது இதுதான் முதல் தடவை. யாரோ கன்னத்தில் அறைந்துவிட்டுப் போனது போல இருந்தது.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனது மெக்கானிக்கின் பட்டறைக்கு. நாற்பது வயதுக்காரர். எதைக் கேட்டாலும் "நிதானமா பாப்போம்" என்பார் என்பதால் ஊரே அவரை நிதானம் என்றுதான் கூப்பிட்டது. பதினோரு வருடமாக இந்த வண்டியைப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான்.

"சூடா இருக்கும்போது திறக்கக் கூடாதுக்கா. நாளைக்குக் காலைல வாங்க" என்றார்.

மறுநாள் டீச்சர் எட்டு மணிக்கே போய் நின்றாள். நிதானம் ரேடியேட்டரின் மூடியைத் திறந்து, மேலே தெரியும்படி தண்ணீர் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டார். இன்ஜின் நொண்டிக்கொண்டு ஓடியது. அந்தத் துளையில் தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை. குமிழி குமிழியாக வந்துகொண்டே இருந்தது, அடியில் யாரோ மூச்சு விடுவது மாதிரி.

"காத்து உள்ள போயிருக்கும். கொஞ்ச நேரத்துல நிக்கும்" என்றாள் டீச்சர்.

"காத்துன்னா ரெண்டு நிமிஷத்துல நிக்கும்க்கா. பாப்போம்."

பத்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை. நிதானம் இன்ஜினை அணைத்தார். ஆயில் ஊற்றும் இடத்து மூடியைத் திருகி எடுத்து அவளிடம் நீட்டினார். அதன் உட்பக்கம் பால் கலந்த காப்பி நிறத்தில், விரலால் வழிக்கும்படி ஒரு பசை. "இத மட்டும் வெச்சு சொல்ல முடியாது. கொஞ்ச தூரமே ஓடற வண்டிகள்லயும் இப்படி ஒட்டும்" என்றார். பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி ஒரு பழைய செய்தித்தாளில் வரிசையாக வைத்தார். மூன்று பழுப்பாக இருந்தன. மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்றிருந்தது.

"இவ்வளவு சுத்தமா இருக்கக் கூடாது. தண்ணி உள்ள வந்து ஆவியாகிக் கழுவியிருக்கு."

கடைசியாக அழுத்தம் பார்க்கும் மீட்டரை ஒவ்வொரு துளையாகத் திருகிப் பார்த்தார். ஒன்றாவதில் நூற்று எழுபது. நான்காவதிலும் நூற்று எழுபது. இரண்டாவதில் எண்பது. மூன்றாவதில் எழுபத்தைந்து. அதை மட்டும் அவர் திரும்ப ஒரு முறை பார்த்தார். மாறவில்லை.

"ஹெட் கேஸ்கட் போயிடுச்சுக்கா. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல."

டீச்சர் ஆயிரம் முறை அந்தச் சொல்லைக் கேட்டிருப்பாள். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து அவர் விளக்கினார். "இன்ஜினோட அடிக்கும் தலைக்கும் நடுவுல இருக்கற தகடு. நெருப்பு ஒரு வழி, தண்ணி ஒரு வழி, ஆயில் ஒரு வழி. மூணும் ஒன்னோட ஒன்னு சேராம வெச்சிருக்கறது அதுதான். அது எரிஞ்சா எல்லாம் ஒன்னு கலந்துடும். இது நேத்து எரிஞ்சது இல்லக்கா."

"என்ன சொல்ற?"

அவர் டார்ச்சை ரேடியேட்டரின் வாய்க்குள் அடித்தார். உள்ளே, சுவரோடு சுவராகச் செம்பு நிறத்தில் பொடிப் பொடியாக ஏதோ படிந்திருந்தது. ஒரு கம்பியால் சுரண்டி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வெயிலில் மினுக்கியது.

"ஓட்டை அடைக்கற மருந்து. பாட்டில்ல விப்பாங்க. தண்ணில ஊத்தினா சூட்டுல போய் எங்க கசியுதோ அங்க உறைஞ்சு நிக்கும். கொஞ்ச நாளைக்குத் தாங்கும். இது பழசு. ஒன்றரை, ரெண்டு வருஷம் இருக்கும்."

டீச்சருக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்தது. இரண்டு வருடமாக உள்ளே எரிந்து கிடந்த ஒரு வண்டியில் பெண்களை உட்கார வைத்து ஓட்டச் சொல்லியிருக்கிறாள். கர்ப்பிணி ஒருத்தி கற்றுக்கொண்டாள். அறுபது வயதில் ஒரு அம்மா கற்றுக்கொண்டார்.

"இந்த வண்டில என்னையும் உன்னையும் தவிர யாரும் கை வெச்சது கிடையாது" என்றாள்.

"ஆமாக்கா."

"நான் ஊத்தல."

நிதானம் நிமிர்ந்து பார்த்தார். அவள் என்ன சொல்ல வருகிறாள் என்பது அவருக்கு எட்ட ஒரு நொடி ஆனது.

"பதினோரு வருஷமா உன்ன நம்பித்தானே விட்டேன். சொல்லியிருந்தா அன்னிக்கே பிரிச்சு சரி பண்ணியிருக்கலாமே. மூடி மறைச்சு அனுப்பியிருக்கியே. நேத்து அந்த லாரி நிக்கலன்னா?"

பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த ஆள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். நிதானத்தின் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த கம்பியைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"ரேடியேட்டர் மூடிய என்னை நீங்க திறக்க விட்டதே இல்லக்கா. தண்ணி நானே பாத்துக்கறேன்னுதான் ஒவ்வொரு தடவையும் சொல்வீங்க" என்றார். டீச்சர் அதைக் கேட்க நிற்கவில்லை.

அவள் கணவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தார். கண்ணாடிச் சில்லை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அவர் வேலை. ஒரு மயிரிழை கூடினால் உள்ளே போகாது, குறைந்தால் நிற்காது. பேச்சும் அப்படித்தான், அளந்து தேய்த்த பேச்சு. கார் ஓட்டத் தெரியாது. ஊருக்கே கற்றுக்கொடுப்பவளின் புருஷனுக்கு ஓட்டத் தெரியாது என்பது அந்தத் தெருவின் பழைய ஜோக். எங்கே போனாலும் பின் சீட்டில், ஜன்னலோரம் உட்காருவார்.

அன்று சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் டீச்சர் ஆரம்பித்துவிட்டாள். குமிழி, பசை, பிளக், மருந்து. "பொடியக் கையில வெச்சு அவனே காட்டறான். திருடனே போலீஸக் கூட்டிட்டு வந்து காட்டற மாதிரி. நாளைக்கு அவன் பட்டறை வாசல்ல நின்னு நாலு பேர் முன்னாடி கேக்கப்போறேன். இனிமே இந்த ஊர்ல ஒருத்தரும் அவன்கிட்ட வண்டி விடக்கூடாது."

அவர் ஒரு செருப்பைக் கழற்றியிருந்தார். இன்னொன்று காலில் இருந்தது. அப்படியே வாசல்படியில் உட்கார்ந்தார்.

"அவர் இல்லம்மா" என்றார். "நான்தான் ஊத்தினேன்."

டீச்சருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "நீங்களா? உங்களுக்கு போனட்டை எங்க திறக்கறதுன்னாவது தெரியுமா?"

அவர் சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்தார். பர்ஸுக்குள்ளிருந்து ஒரு கண்ணாடி துடைக்கும் துணி. துணிக்குள் மடித்து வைத்திருந்த ஒரு அட்டை. அதை அவளிடம் கொடுத்தார்.

ஓட்டுநர் உரிமம். அவருடைய படம். அவருடைய கையெழுத்து. தேதி, மூன்று வருடத்துக்கு முந்தையது.

டீச்சர் அதை முன்னும் பின்னும் திருப்பினாள். எத்தனை நூறு பேருக்கு இந்த அட்டையை வாங்கிக் கொடுத்திருப்பாள். இப்போது அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவே முடியவில்லை. எழுத்து ஓடியது. நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

அவர் கையை நீட்டவில்லை. பார்வையை மட்டும் தெருவுக்கு அந்தப் பக்கம் திருப்பினார். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், ஐந்து கார்.

"அங்கயா?"

"மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல. பின்பக்கத் தெருவுல வந்து ஏத்திக்குவாங்க."

"ஏன்?" என்றாள். "நான் ஒருத்தி வீட்டுல இருக்கும்போது ஏன்?"

அவர் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைதானத்தில் அவள் அவருக்குக் கற்றுக்கொடுக்க முயன்றாள். ஆறு மாணவிகள் ஓரத்தில் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். அவர் மூன்று முறை வண்டியை அணைத்தார். நான்காவது முறை அணைந்தபோது அவள் சொன்னாள்: "உங்களுக்கு இது வராது. எழுந்திருங்க. போய் பின்னாடி உக்காருங்க."

"அவங்க சிரிச்சாங்க" என்றார். "நீயும் சிரிச்ச."

டீச்சருக்கு அந்த ஞாயிறு நினைவுக்கு வரவே இல்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை. அதுதான் அவளை இன்னும் கலக்கியது. அவர் ஒன்பது வருடமாகச் சுமந்த ஒன்று அவளிடம் ஒரு நாள்கூடத் தங்கவில்லை.

"சரி, மருந்து?"

இரண்டு வருடத்துக்கு முன்னால் டீச்சர் குளியலறையில் வழுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்டு நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஊரின் மறு கோடி. இரண்டு பஸ் மாற வேண்டும். அவர் தினமும் நான்கு மணிக்குச் சாப்பாட்டோடு வந்துவிடுவார். வந்து உட்கார்ந்ததும் பஸ்ஸில் நடந்ததைச் சொல்வார். சில்லறைக்குச் சண்டை போட்ட கண்டக்டர். மடியில் கோழி வைத்திருந்த பெரியவர். சாதாரணமாக நாலு வார்த்தை பேசாத மனுஷன் அவ்வளவு பேசினார் என்று பக்கத்துக் கட்டில்காரி ஆச்சரியப்பட்டாள். வலியிலும் டீச்சர் அந்தக் கதைகளுக்குச் சிரித்தாள்.

"பஸ்ல வரவே இல்லையா?"

"ஒரு நாள்கூட இல்ல. கார்லதான் வந்தேன். ரெண்டு தெரு தள்ளி நிறுத்திட்டு நடந்து வருவேன்."

"அப்ப அந்தக் கண்டக்டர்?"

"கண்டக்டரும் இல்ல, கோழியும் இல்ல."

வீடு திரும்பிய பிறகு, முதல் நாள் சாவியைத் திருப்பியபோது நாற்பது நாள் நின்ற வண்டி ஒரே தடவையில் கிளம்பியதை அவள் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். ஓடிய தூரம் காட்டும் எண்ணைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மற்றவர்களின் வண்டியில் முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

"இருபத்தாறாவது நாள்" என்றார் அவர். "வழியில தண்ணி போற ஹோஸ் வெடிச்சிடுச்சு. முள்ளு சிவப்புக்குப் போச்சு."

"சிவப்புல நின்னா நிறுத்தணும்னு தெரியாதா? எந்தப் பள்ளிக்கூடத்துலயாவது அதைச் சொல்லிக்குடுக்காம விடுவாங்களா?"

"தெரியும். நிறுத்தினேன். நிறுத்தினப்போதான் போன் வந்துது. உள்ள ரத்தம் கசியுது, உடனே திரும்ப ஆபரேஷன் பண்ணணும், கையெழுத்து போட ஆள் வேணும்னு. இன்னும் மூணு கிலோமீட்டர் இருந்துது. ரோட்டுல ஒரு வண்டியும் இல்ல."

அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கைப் பிடிப்பது போல மடக்கினார்.

"திரும்ப ஸ்டார்ட் பண்ணி ஓட்டினேன். கடைசி ஒரு கிலோமீட்டர் இன்ஜின் உள்ள கல்லைப் போட்டு அரைக்கற மாதிரி சத்தம். ஆஸ்பத்திரி வாசல்ல தானா நின்னுடுச்சு."

அந்த நாள் டீச்சருக்கு நினைவிருந்தது. மேலே வெள்ளை விளக்கு. யாரோ "வந்துட்டாரா, வந்துட்டாரா" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு தலைக்கு மேல் அவர் முகம், வியர்வை சொட்டச் சொட்ட. பஸ்ஸிலிருந்து ஓடி வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே அவள் மயங்கிப்போனாள்.

மிச்சத்தை அவர் சுருக்கமாகச் சொன்னார். ஹோஸை மாற்றியாயிற்று. ஆனால் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. பெட்ரோல் பங்கில் ஒருவர் அந்த பாட்டிலைக் கொடுத்தார், ஊற்றினார், கசிவு நின்ற மாதிரி இருந்தது. அவள் வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட நினைத்தார். வண்டி கெட்டதைச் சொன்னால் ஓட்டியதைச் சொல்ல வேண்டும். ஓட்டியதைச் சொன்னால் கற்றதைச் சொல்ல வேண்டும். இன்று வேண்டாம், நாளைக்கு என்று தள்ளினார். அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கசிய ஆரம்பித்தது. தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, அவள் ஆறு மணிக்குப் பார்ப்பதற்கு முன்னால், தண்ணீரை நிரப்பி வைத்தார். போன மாதம் கடையில் அவரை விடிகாலை ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் டீச்சரின் கண்ணுக்குத் தண்ணீர் குறைவது தெரிந்தது. வெயிலால் குறைகிறது என்று நினைத்து அவளே ஊற்றிக்கொண்டாள்.

ஆக, இரண்டு வருடமாக அவள் தினமும் நிறைந்திருக்கக் கண்டு திருப்திப்பட்டது அவர் ஊற்றிய தண்ணீரை.

அவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தாள். "உங்களுக்கு நன்றி சொல்றதா, உங்களைத் திட்டறதான்னு எனக்குத் தெரியல" என்றாள். "நீங்க அன்னிக்கு நிறுத்தியிருந்தா நான் இல்ல. சரி. ஆனா அதுக்கப்பறம் ரெண்டு வருஷம் இருந்துதே. எண்பத்து மூணு பொண்ணுங்க அந்த வண்டில உக்காந்திருக்காங்க. நேத்து ஒருத்தி லாரி மேல மோதற மாதிரி பின்னால உருண்டா. அதுக்கு என்ன சொல்றீங்க?"

அவர் தன் காலைப் பார்த்தார். இன்னொரு செருப்பு இன்னும் காலிலேயே இருந்தது.

மறுநாள் காலை டீச்சர் பட்டறைக்குப் போனாள். நேற்றுக் கத்தியதைவிட மெதுவாக, ஆனால் அதே வெல்டிங் ஆளுக்குக் கேட்கும்படி, "தப்பு என்னோடது தம்பி. ஊத்தினது எங்க வீட்டுக்காரர்" என்றாள். நிதானம் ஒரு சக்கரத்தின் நட்டுகளை முடுக்கிக்கொண்டிருந்தார். நான்கையும் முடித்த பிறகுதான் எழுந்தார்.

"நேத்து ராத்திரி சாப்பிடலக்கா" என்றார். "அம்மா ஏன்னு கேட்டாங்க. என்னன்னு சொல்றது?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவர் உட்காரச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, பிரிச்சுடலாமா? உள்ள பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்றார். அந்த மட்டில் அவர் மன்னித்துவிட்டார் என்று டீச்சர் எடுத்துக்கொண்டாள். முழுசாக மன்னித்தாரா என்பது வேறு விஷயம். "டீ சாப்பிடுங்கக்கா" என்று அவர் திரும்பச் சொல்ல மூன்று மாதம் ஆனது.

அன்று மத்தியானம் ஹெட்டைத் தூக்கியபோது டீச்சரும் அவள் கணவர் கண்ணாடிக்காரரும் பக்கத்தில் நின்றார்கள். அவர் அரைநாள் லீவு போட்டிருந்தார். நடுவிலிருந்த தகட்டில், இரண்டாவது வட்டத்துக்கும் மூன்றாவது வட்டத்துக்கும் இடையில் இருந்த மெல்லிய பாலம் கருகிக் காணாமல் போயிருந்தது. நிதானம் ஹெட்டைத் திருப்பி வைத்து, அதன் மேல் ஒரு இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, அடியில் வெளிச்சம் அடித்தார். நேராக இருந்தால் வெளிச்சம் தெரியக் கூடாது. நடுவில் ஒரு கோடு பளீரென்று தெரிந்தது.

கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். "கால் மில்லிமீட்டர் வளைஞ்சிருக்கு" என்றார், வெறும் கண்ணால். நிதானம் இடைவெளி பார்க்கும் தகட்டைச் செருகிப் பார்த்தார். கால் மில்லிமீட்டர்தான். இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டார்கள்.

ஹெட் லேத் பட்டறைக்குப் போனது. வளைவை மட்டும் இழைத்துச் சமன் செய்துவிடலாம் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். அங்கே அதன் துளைகளை அடைத்து, காற்றை ஏற்றித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். மூன்றாவது சிலிண்டரின் இரண்டு வால்வுகளுக்கும் நடுவிலிருந்து, நூல் மாதிரி, ஒரு வரிசைக் குமிழி கிளம்பி மேலே வந்தது. விரிசல்.

டீச்சர் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரி வாசலில் தானாக நின்ற வண்டி அவள் கண்ணுக்குள் வந்து போயிற்று. இந்த விரிசலோடுதான் அது இரண்டு வருடம் ஓடியிருக்கிறது.

"இப்ப என்ன பண்ணலாம்?" என்றாள்.

"பழைய ஹெட் ஒன்னு தேடிப் போடலாம்" என்றார் நிதானம். "வண்டி ஓடும். ரெண்டு தடவை வெந்த இன்ஜின். அடிப்பாகம் எப்படி இருக்குன்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன். வீட்டு வண்டின்னா போட்டுடலாம்னு சொல்வேன். என்னைக் கேட்டீங்கன்னா, கத்துக்க வர்றவங்களை உக்கார வைக்க இதுல கை வைக்க வேணாம்க்கா. எனக்கு வேலை போகுது, பரவாயில்ல."

"போட்டுடலாம்" என்று அவசரமாகச் சொன்னவர் கண்ணாடிக்காரர். "என்ன ஆனாலும் சரி, போட்டுடலாம். நான் கெடுத்தது. நான் சரி பண்ணித் தரேன்."

டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு அந்த வண்டி பழையபடி ஓடியாக வேண்டும். ஓடிவிட்டால் நடந்தது எல்லாம் கொஞ்சமாவது இல்லை என்றாகிவிடும். அது அவளுக்குப் புரிந்தது. அவளுக்கும் ஆசைதான். பதினோரு வருடம், ஐந்நூற்றுச் சொச்சம் பெண்கள், ஒரு விபத்து கிடையாது.

"மேம்பாலத்துல ஏறும்போது ஒவ்வொரு தடவையும் நான் அந்த முள்ளையே பாத்துட்டிருப்பேன்" என்றாள். "முள்ளைப் பாத்தா பொண்ணைப் பாக்க முடியாது. வேணாம். என் பக்கத்துப் பெடலை மட்டும் கழட்டிக் குடு தம்பி."

வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே கண்ணாடிக்காரர் தனியாகப் போய் நர்ஸைப் பார்த்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். டீச்சர் போகச் சொல்லவில்லை. நர்ஸ் முழுசாகக் கேட்டுவிட்டு, "ஆபரேஷனுக்குக் கையெழுத்து போட ஆள் வராம நாங்க காத்திருந்திருக்கோம் சார்" என்று மட்டும் சொன்னாளாம். அது ஆறுதலா இல்லையா என்று அவருக்கு விளங்கவில்லை. அவள் மிச்ச வகுப்புகளுக்கு வந்தாள்.

வகுப்பு நடத்த வண்டி? டீச்சர் வாழ்க்கையில் முதல் முறையாகத் தெருவைக் கடந்து அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். காலை நேரத்துக்கு மட்டும் ஒரு கார் வாடகைக்கு வேண்டும் என்றாள். அஞ்சு கார்க்காரர் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"எங்க வீட்டுக்காரர்னு தெரிஞ்சே சேத்துக்கிட்டீங்களா?"

"தெரியும்மா. முப்பத்திரண்டு கிளாஸ் வந்தார்."

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லலியே."

"சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டார். கேட்டதுக்கு அப்பறம் எப்படிச் சொல்றது? நானே நெனச்சேன், இந்த அம்மாவுக்குத் தெரிஞ்சா என் கண்ணாடிக் கதவு மிஞ்சாதுன்னு."

டீச்சர் இவரைப் பற்றி இத்தனை வருடம் பேசியதையெல்லாம் மனசுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். சாவியை எடுத்துக்கொண்டாள்.

பதினோரு வாரம் கழித்து வேறு ஒரு கார் கிடைத்தது. நான்கு வருடம் ஓடியது, சாம்பல் நிறம். வாங்குவதற்கு முன்னால் நிதானம் நான்கு சிலிண்டரின் அழுத்தத்தையும் பார்த்தார். நான்கும் சமம். ரேடியேட்டரின் மூடியை டீச்சரே திறந்து, "நீயும் பாரு தம்பி" என்று டார்ச்சைக் கொடுத்தாள். பழைய பெடல்களை அதில் பொருத்தி முடித்தபோது சாயங்காலம் ஐந்து மணி.

இரண்டு கார் வீட்டுக்குப் போக வேண்டும். புதிது ஒன்று, அன்று முழுநாளுக்கும் கேட்டு வாங்கிய வாடகைக் கார் ஒன்று. ஆளும் இரண்டு பேர்தான். டீச்சர் கொஞ்ச நேரம் இரண்டு சாவியையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு புதிய காரின் சாவியைக் கணவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்க நேரமானது.

"நீ பக்கத்துல வரலியா?"

"நான் இந்த வண்டிய எடுத்துட்டுப் பின்னால வரேன். போங்க."

அப்படித்தான் அவள் முதல் முறையாக அவர் ஓட்டுவதைப் பார்த்தாள், பின்னாலிருந்து. தன் காலுக்குக் கீழே அவருடைய பிரேக் இல்லாமல். திரும்புவதற்கு வெகு முன்னாலேயே விளக்கு போட்டார். சைக்கிளுக்கு இடம் விட்டார். ஒரு பஸ் உரசுவது போல வந்தபோதும் கோடு மாறவில்லை. மூன்று வருடமாக இது இவரிடம் இருந்திருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே. பின் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்தத் தலையையே பார்த்துப் பழகியவளுக்கு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் அதே தலை நேராக நிற்பதைப் பார்க்கப் பார்க்க நம்ப முடியவில்லை.

சிக்னல் மஞ்சளானது. அவர் ஒழுங்காக, மெதுவாக, கோட்டுக்கு முன்னால் நிறுத்தினார்.

டீச்சர் சிக்னலைப் பார்க்கவே இல்லை. சிவப்பு விளக்குகள் இரண்டும் முகத்துக்கு நேரே பெரிதாக வந்தபோதுதான் தெரிந்தது. பிரேக்கில் ஏறி நின்றாள். டயர் கிறீச்சிட்டது. வாடகைக் காரின் மூக்கு புதிய காரின் பின்பக்கத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. இன்ஜின் அணைந்துவிட்டது. கிளட்சை மிதிக்க மறந்திருந்தாள். பக்கத்தில் ஸ்கூட்டரில் நின்ற ஒரு பெண் குனிந்து பார்த்துவிட்டு, "டீச்சர்?" என்றாள், நம்பாமல்.

வீட்டு வாசலில் அவர் இறங்கிக் காத்திருந்தார். சாவியைக் கொடுத்துவிட்டுக் கேட்டார். "சிக்னல்ல எனக்குப் பின்னாடி ஒரு பெரிய சத்தம் கேட்டுதே. யாரு அது?"

"யாரோ" என்றாள் டீச்சர். "புதுசா கத்துக்கறவங்க போல."